பேர் கூப்பிடும் நேரம்

ஏரிக்கரை லாட்ஜில் நாளொன்றுக்குப் பதினெட்டு அறை பெருக்கித் துடைத்து விரிப்பு மாற்றுகிறவள் சுஜிதா. சீசனில் மூச்சுவிட நேரமிருக்காது. ஆனாலும் புதன்கிழமை மூன்று மணிக்குக் கிறிஸ்தவக் கோயில் பெண்கள் சங்கத்துக்கு ஓடிவிடுவாள். இந்தப் புதன்கிழமையும் ஓடித்தான் போனாள். தன் பேரை எடுத்துவிடச் சொல்வதற்காக.

ஏழு மாதத்துக்கு முன், காரட் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கிய அவள் புருஷன் ஜெபதுரையின் வேன் வளைவில் உருண்டது; அவன் பிழைக்கவில்லை. அதோடு அவளுக்கு ஜெபமும் நின்றுபோனது. கண்ணை மூடினால் எதிரில் யாருமே இல்லை.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம். பேர் கூப்பிட்டால் எழுந்து ஒரு வசனம் சொல்ல வேண்டும், அதுதான் ஆஜர். இயேசு அழுததைச் சொல்லும், பைபிளிலேயே ஆகக் குட்டி வசனத்தைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் செயலாளர் பாக்கியம் டீச்சர் விடமாட்டார். "சண்டே ஸ்கூல் பிள்ளையா நீ? வேற சொல்லு" என்று நிற்க வைத்துவிடுவார். ரிட்டயரானபோது பிரம்பை மட்டும்தான் பள்ளிக்கூடத்தில் விட்டுவந்தவர்.

"சுஜிதா."

எழுந்தாள். "எங்கிட்ட வசனம் இல்லீங்க டீச்சர். ஜெபம் பண்ணியே ஏழு மாசமாச்சு. இனியும் நடிக்க முடியல. எம்பேர அடிச்சிருங்க."

இருபது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகச் சுஜிதா தலையைக் குனிந்துகொண்டாள். பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அடிக்கிறதா இருந்தா மொதல்ல எம்பேரத்தான் அடிக்கணும்" என்றார் டீச்சர். "எம் மகன் செத்து மூணு வருஷமாச்சு. அன்னைல இருந்து நானும் வசனம் சொன்னதில்ல. பேர் வாசிக்கிறவ நாந்தான? எம்பேர நான் கூப்பிட்டதே இல்ல. ஒருத்தியாவது கவனிச்சீங்களா?"

யாரும் கவனித்திருக்கவில்லை. சுஜிதாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வருஷம், வாரம் தவறாமல், எல்லோரையும் நிற்க வைத்த மனுஷி!

"போன ஐப்பசியில, வெலகுறேன்னு கடுதாசி எழுதி எடுத்துக்கிட்டுத்தான் வந்தேன். புருஷனப் பொதச்ச பதினோராம் நாளு, நீ தொப்பலா நனஞ்சு வந்து நின்னு வசனம் சொன்ன. இவளே வாரா, எனக்கென்ன கேடுன்னு நெனச்சேன். கடுதாசி இன்னும் பைக்குள்ளதான் கெடக்கு."

அன்றைக்குச் சுஜிதா வந்தது பக்தியால் இல்லை. வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். வசனத்தை வாய்தான் சொன்னது. அந்த வெறும் வாய்ச்சொல்லையா இந்த அம்மா ஏழு மாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்?

மேசைக்குப் போய்ப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். முதல் வரியிலேயே அந்தப் பேர் இருந்தது.

"பாக்கியம் டீச்சர்."

டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வெகுநேரம் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு, தான் யாரையும் சொல்ல விடாத அந்தக் குட்டி வசனத்தைச் சொன்னார்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. டீச்சர் பதிவேட்டை வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்து, "சுஜிதா" என்று மறுபடி கூப்பிட்டார்.

அவளும் அதையே சொன்னாள். வேறு சொல்லும்படி டீச்சர் கேட்கவில்லை.