டேப்புக்கு அடங்காத கொஞ்ச தூரம்

“அண்ணி, இது என் முட்டியே இல்ல. யாரோ மாத்தி வச்சிட்டுப் போயிட்டாங்க.”

தெனமும் காலையில அஞ்சரை மணிக்கு என் நாத்தனார் வாயில வர்ற முதல் பேச்சு இதுதான். சொல்லிக்கிட்டே ஷூ லேஸை இறுக்குவா. வலிக்குதுன்னா படுன்னு சொன்னா கேக்கவா போறா? கேட் சத்தம் வரும், ஆள் போயிருப்பா.

எங்க வீட்டு முன் ரூம்தான் அவ தையக்கடை. வயசு நாப்பத்தொம்பது. வேலையில கெட்டிக்காரி, அதை நான் மறுக்க மாட்டேன். கழுத்துல டேப் தொங்காம அவளைப் பார்க்கவே முடியாது. அரை இன்ச் தப்பினா மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டு மறுபடி தைப்பா. அப்படிப்பட்டவளுக்கு ரோட்டுல இறங்கினா மட்டும் அளவு மறந்துடும். கூட ஓடறவங்க பத்துப் பதினஞ்சு பேர். அதுல யாராவது மூச்சு வாங்கி நின்னா போதும், பின்னாடியிருந்து கத்துவா: “இன்னும் கொஞ்ச தூரம்தான்! அந்தத் திருப்பம் தாண்டினா முடிஞ்சுது!”

திருப்பம் தாண்டினா இன்னும் மூணு கிலோமீட்டர் காலை நீட்டிப் படுத்துக் கிடக்கும்.

“உங்க டேப்புல கிலோமீட்டருக்கு எத்தனை இன்ச்க்கா?”னு கூட ஓடற லிஃப்ட் மெக்கானிக் கேப்பான். “ஓடினியா இல்லையா? வாயை மூடு”ம்பா. அந்தக் கூட்டத்துல அவளுக்குப் பேரே ‘கொஞ்ச தூரம்’தான்.

ஊரையே ஓட வைக்கிறவ, தான் மட்டும் எப்பவும் கடைசி. வருஷத்துக்கு ஒருதரம் பத்து கிலோமீட்டர் ஓட்டம் வைப்பாங்க. ஒன்னே முக்கா மணி நேரத்துல முடிக்கணும். முடியாதவங்களை ஏத்திக்க பின்னாடியே ஒரு வேன் ஊர்ந்து வரும். ரெண்டு வருஷமா அவளை அள்ளிக்கிட்டு வந்தது அந்த வேன்தான். “இந்தத் தடவையும் வேன்ல வந்தா ஷூவை பரண்ல போட்டுடுவேன் அண்ணி”ன்னா. சும்மா சொல்லல. பரண்ல இடம் ஒழிச்சே வச்சிருந்தா, நான் பார்த்தேன்.

அதனால இந்த வருஷம் நானே வேன்ல ஏறி உக்காந்துட்டேன். எப்படியும் வரப்போறா, தண்ணியும் மாத்துத் துணியும் கையில இருக்கட்டுமேன்னு. என் நம்பிக்கை அவ்வளவுதான்.

எட்டாவது கிலோமீட்டர்ல ஓட்டம் நடையாச்சு. அப்புறம் நடையும் நின்னுச்சு. டிரைவர் பாவம் பார்த்து “ஏறுங்கம்மா”ன்னு கதவைத் திறந்தாரு. அவ கம்பியைப் புடிச்சா. தச்சு முடிச்ச துணியை அயர்ன் பண்றப்ப தீய்ச்சுட்டவ மாதிரி ஒரு முகம். எனக்கு என்ன ஆச்சோ, “இடமில்ல”ன்னுட்டேன். பன்னெண்டு சீட்டுல என்னோடது போக அத்தனையும் காலி.

“அண்ணி, கண்ணு தெரியலையா?”

“நல்லாத் தெரியுது. இடமில்ல. போடி.” கதவை இழுத்துச் சாத்தினேன்.

அந்நேரம் பார்த்து எதிர்ல மெக்கானிக் ஓடி வர்றான். எப்பவோ முடிச்சுட்டு, மெடலும் கழுத்துமா இவளைத் தேடித் திரும்பி வந்திருக்கான். “அக்கா! இன்னும் கொஞ்ச தூரம்தான்! அந்த பெட்ரோல் பங்க் தாண்டினா முடிஞ்சுது!”

“எங்கிட்டயேவாடா?”ன்னு கத்தினா. கத்திக்கிட்டே கால் நகருது! பங்க் தாண்டினா பேங்க் கேஷியரம்மா நிக்கறாங்க: “அந்தச் சிவப்பு கேட் வரைக்கும்தான்!” கேட் பக்கம் போனா இன்னொருத்தர்: “இதோ, அந்தத் தண்ணித் தொட்டி!” கூட ஓடறவங்க எல்லாரும் முடிச்சுட்டு வந்து ரோடு பூரா இதே வேலையா நிக்கறாங்க. அத்தனையும் பொய்னு அவளுக்குத் தெரியாதா, கண்டுபிடிச்சவளே அவதானே! ஆளுக்கு ஒரு திட்டு குடுத்துக்கிட்டே ஒவ்வொண்ணையும் நம்பி ஓடினா.

ஒரு மணி நாப்பத்து நாலு நிமிஷம். முடிச்சுட்டு கீழ உக்காந்தவ, மூச்சு வந்ததும் என்னைத்தான் பார்த்தா. “கதவை இன்னும் கொஞ்சம் மெதுவா சாத்தியிருக்கலாம்ல அண்ணி?”

பரண்ல அவ ஒழிச்ச இடத்துல இப்ப என் பழைய மிக்ஸி உக்காந்திருக்கு.

ஞாயித்துக்கிழமை காலையில ஏரி ரோட்டுப் பக்கம் போய் அவளைப் பாருங்க. எல்லாரும் ஓடிப் போனதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் நில்லுங்க, வருவா. கை தட்டுங்க, சந்தோஷப்படுவா. இன்னும் எவ்வளவு தூரம்னு மட்டும் அவகிட்ட கேட்டுடாதீங்க.