கிணற்றை எங்கிருந்து அளப்பது

புள்ளியியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அமலோற்பவம் டீச்சர் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் செஞ்சியில் தம் வீட்டில் காலமானார். இதை உறுதிசெய்தவர் அவருடைய தம்பி மகள் ஜெசிந்தா. அவர் என்னை அழைத்தபோது மணி ஏழு இருபது. அதற்கு முன்பே இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி வந்திருந்தது. ஒன்றில் இருந்த படம் வேறொரு டீச்சருடையது.

“காபி குடுக்கப் போனேன் சார், எழுந்திருக்கவே இல்ல” என்றார் ஜெசிந்தா. பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் காபி கொண்டுபோகிறவர் அவர்தான். பிறகு, “கம்ப்யூட்டர்ல இருக்குற கிணத்து ஷீட்டு எதையும் அழிக்கக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. எனக்கு அது இன்னான்னே தெரியாது” என்றார்.

டீச்சரை அறிந்தவர்களில் பலருக்கும் அந்த ஷீட்டைப் பற்றிப் பாதிதான் தெரியும். எனக்குத் தெரிந்தவரை மீதியை எழுதுகிறேன்.

செஞ்சியிலிருந்து அனந்தபுரம், பனமலை, மேல்சித்தாமூர் வரைக்கும் உள்ள கிணறுகளில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று மூன்று பேர் சேர்ந்து மாதாமாதம் அளந்து வந்தார்கள். பழைய கிணறுகளின் வயதை ஆராய்ந்த வரலாற்றுப் பேராசிரியர் காசிநாதன் முதல் சில ஆண்டுகள் அளந்தார். அவருக்கு முட்டிவலி வந்ததும், மர வேர்களை ஆராய்ந்த தாவரவியல் பேராசிரியர் தமிழ்ச்செல்வி அளந்தார். எண்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டவர் டீச்சர். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். முடிவு மட்டும் வெளியே போகக் கூடாது. அளந்த தாள், கணக்குப் போட்ட வழி, அடித்துத் திருத்திய இடம் எல்லாமே யாரும் எடுத்துப் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும்.

காசிநாதனுக்கு அது பிடிக்கவில்லை. “நான் புஸ்தகம் போடறதுக்குள்ள எவனாவது எடுத்துப் போட்டுட்டான்னா?” என்று கேட்டார். “போடட்டுமே சார், உங்களுக்கு ப்ரூஃப் பாக்குற வேல மிச்சம்” என்றார் டீச்சர். பிறகு அவர் சொன்னதை நான் அன்றே குறித்துக்கொண்டேன்: “முடிவ மட்டும் சொன்னா நம்பித்தான் ஆகணும். அளவையும் குடுத்தா சண்ட போடலாம்.”

சண்டை போட வந்தவர் ஆராய்ச்சியாளர் அல்ல. சுற்று ஊர்களில் ஏரிகளைத் தூர் வாரிய பிறகு கிணறுகளில் தண்ணீர் இடுப்பளவு உயர்ந்திருக்கிறது என்று ஷீட்டு காட்டியது. தமிழ்ச்செல்வி அதை வைத்துக் கட்டுரை எழுதினார். அவரிடம் ஆய்வு செய்த இரண்டு பெண்கள் அதை நம்பித் தங்கள் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தார்கள். என் பத்திரிகையில் முதல் பக்கத்தில் செய்தி வந்தது, எழுதியவன் நான். அடுத்த வாரம் மேல்சித்தாமூரிலிருந்து தரணேந்திரன் என்கிற விவசாயி டீச்சருக்குப் போன் செய்தார். செல்போனில் ஷீட்டைத் திறந்து தன் கிணற்றைத் தேடிப் பார்த்திருக்கிறார்.

“டீச்சரம்மா, என் கிணத்துல நீங்க எப்ப தண்ணி ஊத்தினீங்க?”

“ஏன், என்னாச்சு?”

“இடுப்பளவு ஏறிடுச்சுன்னு போட்டுக்கீறீங்க. இங்க மோட்டார் காத்த இழுத்துக்கினு கத்துது. வந்து பாருங்க.”

டீச்சர் மறுநாளே பஸ் ஏறிப் போனார். தரணேந்திரன் கிணற்றின் கைப்பிடிச் சுவர் இடுப்பு உயரம் இருந்தது. அங்கேயே நின்று காசிநாதனுக்கும் தமிழ்ச்செல்விக்கும் போன் செய்ததாக டீச்சர் என்னிடம் சொன்னார். எங்கிருந்து அளந்தீர்கள் என்பதுதான் கேள்வி. “சுவத்து மேலேர்ந்துதான். கிணறுன்னா சுவரும் சேத்திதானே?” என்றார் காசிநாதன். “மண்ணுலேர்ந்துதான்டி. வேரு சுவத்து மேலயா இருக்குது?” என்று சிரித்தார் தமிழ்ச்செல்வி. இருவருக்கும் அது அவ்வளவு வெளிப்படையாக இருந்ததால் தாளில் எழுதத் தோன்றவில்லை. டீச்சருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தண்ணீர் ஏறவில்லை. அளக்கிறவர் மாறியிருந்தார்.

அன்று மாலையே டீச்சர் ஷீட்டின் தலையில் ஒரு குறிப்பு போட்டார். “தவறு என்னுடையது. இந்த அளவுகளை வைத்து எழுதப்பட்ட எதையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம்” என்று அது தொடங்கியது. தமிழ்ச்செல்விக்கு அது தெரிந்தது மறுநாள் காலையில், அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி அழுதுகொண்டே வந்து நின்றபோது.

நானும் திருத்தம் வெளியிட்டேன். ஏழாம் பக்கத்தில், ஒரு விளம்பரத்துக்குக் கீழே. டீச்சர் பேருந்து நிலையத்து டீக்கடையில் என்னைப் பார்த்துச் சொன்னார்: “மொதப் பக்கத்துல ஏத்தின தண்ணிய ஏழாம் பக்கத்துல எறக்கிட்டீங்களே சார்.”

கல்லூரியில் பல ஆண்டுகள் டீச்சரும் தமிழ்ச்செல்வியும் ஒன்றாகத்தான் மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். டீச்சர் ஓய்வுபெற்ற பிறகும் தமிழ்ச்செல்வி ஞாயிறுதோறும் டீச்சர் வீட்டுக்கு வருவார். அந்தக் குறிப்புக்குப் பிறகு வரவில்லை. காசிநாதனும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். டீச்சர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கும் மெஸ்ஸில் சாப்பிட ஆரம்பித்தார். “ஒரு ஆளுக்குச் சமச்சா மிஞ்சுது” என்றார். அளவுச் சாப்பாடு வாங்கி, பாதியை வைத்துவிட்டு, யாராவது எதிரில் வந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்ச நேரம் எடுத்துச் சாப்பிடுவார். நான் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். உட்காராத நாட்களும் உண்டு.

ஒருமுறை கேட்டேன்: “தமிழ்ச்செல்வி மேடம்கிட்ட மொதல்ல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சர்?”

“சொல்லியிருந்தா ‘ஒரு மாசம் பொறுடி, பசங்க தீசிஸ் முடியட்டும்’னு கேட்டிருப்பா. அவ கேட்டா நான் பொறுத்திருப்பேன் சார். அதனாலதான் சொல்லல.”

மோர் ஊற்றிக்கொண்டார். இலையை மடிக்கும்போது, நான் கேட்காமலே, “ஒரு நாள் முன்னாடி சொல்லியிருந்தா ஒண்ணும் முழுகியிருக்காது” என்றார். கடைசி வரை தமிழ்ச்செல்விக்கு அவர் போன் செய்யவில்லை. எண்ணை எடுத்து எடுத்துப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அடக்கம் புதன்கிழமை நடந்தது. மழை விட்டிருந்தது. ஜெபம் முடிந்து எல்லோரும் மண் போட்ட பிறகு, கல்லறைத் தோட்டத்தின் கேட் அருகில், வண்டிகளுக்கு நடுவே தமிழ்ச்செல்வி நிற்பதைக் கண்டேன். உள்ளே வருகிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

“அவ தப்பக் கண்டுபிடிச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல சார். அளந்தது நான். எங்கிருந்துன்னு எழுதாம விட்டதும் நான். இவ ‘தவறு என்னுடையது’ன்னு தனியா தூக்கிக்கினு போய்ட்டா. ஊரே அவள நல்லவன்னுச்சு. அதுக்கு மேல நான் போய் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ‘எனக்கும் பங்கு இருக்குதுடி’ன்னு சொல்றது?”

“அவங்க இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்.”

“நீங்க அவகிட்டயும் இதயேதானே சொல்லியிருப்பீங்க?” என்றார்.

ஆமாம் என்றேன். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போனார். நான் வெளியிலேயே நின்றேன்.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். குறிப்பேட்டில் எதை எழுதினாலும், நான் எங்கே நின்று பார்த்தேன், பார்க்காததை யார் சொன்னார் என்று ஓரத்தில் எழுதிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில், தரணேந்திரன் பேசியதும் மற்ற இருவரின் பதில்களும் டீச்சர் எனக்குச் சொன்னபடி. மாணவி அழுதது தமிழ்ச்செல்வி சொன்னது. மெஸ்ஸும் கல்லறைத் தோட்டமும் நான் பார்த்தவை.

ஷீட்டு அப்படியே இருக்கிறது. ஜெசிந்தா எதையும் அழிக்கவில்லை. டீச்சரின் குறிப்புக்குக் கீழே மற்றவர்கள் பதில் எழுதுவதற்கான இடம் இன்று காலை வரை காலி. வியாழக்கிழமை தமிழ்ச்செல்வி என்னுடன் தொலைபேசியில் பேசினார். மழைக்காலம் முடிந்ததும், சுவர் இடியாமல் நிற்கிற கிணறுகளைச் சுவரிலிருந்து ஒருமுறையும் தரையிலிருந்து ஒருமுறையும் அளக்கப் போவதாகவும், பழைய அளவுகளில் எவை தேறும் என்பது அப்போதுதான் தெரியும் என்றும் சொன்னார். தரணேந்திரன் கயிறு பிடிக்கச் சம்மதித்திருக்கிறார். தை மாதக் கடைசியில் அளவுகளோடு தன் பதிலையும் தமிழ்ச்செல்வி அந்த இடத்தில் போடுவாராம்.

பதிலை என்னவென்று தொடங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“‘அமலி’ன்னுதான்” என்றார். “அதுக்கப்புறம் இன்னும் எழுதல.”