லண்டனுக்குப் போன கலியாண நெற்

1986ஆம் ஆண்டு ஆவணி மாதம். லண்டனில் என் ஒரே தங்கைக்குச் சனிக்கிழமை கலியாணம். செவ்வாய்க்கிழமையாகியும் நான் அனுப்பிய நெற் போய்ச் சேரவில்லை. அழுதழுது என் முகமே வீங்கிப் போயிருந்தது.

நெற் என்றால் மணப்பெண் தலையில் போடும் வலைத்துணி. கடையில் வாங்கியதல்ல. பாரிசில், தமிழர் கூடும் லாச்சப்பல் பகுதியில் நாங்கள் ஐந்து பெண்கள் இருந்த அறையில், தையல் பட்டறை வேலை முடிந்து வந்து, நான்கு மாதமாக என் கையால் பூப்போட்டது. ஓரம் முழுக்க மல்லிகை மொட்டு. ஒரு மொட்டுக் கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்!

எனக்கு அப்போது அகதி விசா கிடைக்கவில்லை. கையில் தற்காலிகக் கடுதாசிதான். எல்லை தாண்ட முடியாது. அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில், சண்டைக்குள். தங்கைக்குப் பக்கத்தில் நிற்க எங்கள் வீட்டு ஆள் ஒருவருமில்லை. என் கைவேலையாவது அவளோடு போகட்டும் என்றுதான் தைத்தேன்.

பதிவுத் தபாலில் போட்டேன். கவுண்டரில் இருந்தவர் பொதியைத் தூக்கிக் கூடைக்குள் எறிந்தபோது "மெல்ல, மெல்ல" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். மூன்று கிழமை ஓடிவிட்டது. அந்தச் செவ்வாய் காலை தங்கைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இன்னும் வரேல்லை அக்கா. நான் ஒண்டை வாடகைக்கு எடுக்கிறன். நீ அழாதை."

வாடகை நெற்றா! எவளோ போட்டுக் கழற்றியதை என் தங்கை போடுவதா! அன்று ஆண்டவரோடு சண்டையே பிடித்தேன். "நான்தான் போகேலாது. அதையாவது கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டீரோ?" என்று கேட்டேன்.

அன்று பின்னேரம், காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தரும் புனித அந்தோனியாருக்குச் செவ்வாய்தோறும் நடக்கும் செபம். செபம் நடத்தும் ஞானம் அண்ணை ஒவ்வொருவரின் மன்றாட்டையும் கொப்பியில் எழுதுவார்.

"ஆருக்காக எண்டு எழுத, தங்கச்சி?"

"பபாவுக்காக அண்ணை. என்ரை தங்கச்சி."

"அது வீட்டிலை கூப்பிடுற பெயரெல்லோ. ஞானஸ்நானப் பெயரைச் சொல்லு பிள்ளை."

"மேரி றெஜினா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, என் அந்தோனியாரே! பொதியிலும் நான் 'பபா' என்றல்லவா எழுதியிருந்தேன்! பிறந்த நாள் தொடக்கம் எங்களுக்கு அவள் பபாதான். வேறு பெயர் எழுத என் கைக்குத் தோன்றவே இல்லை.

செபம் முடியுமுன்னே லூயி-பிளாங் தெரு மூலையில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினேன். தங்கை, தான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரியிடம் விசாரித்தாள். தபால்காரர் இரண்டு முறை வந்தாராம். பபா என்று ஒருவரும் இங்கே இல்லை என்று அவள் அனுப்பிவிட்டாளாம்.

அடுத்த நாள் தங்கை தபாற்கந்தோருக்குப் போனாள். பொதி பாரிசுக்குத் திரும்ப இருந்த கடைசி நாள் அது. கடவுச்சீட்டில் றெஜினா, பொதியில் பபா. தர முடியாது என்றார்கள். "உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்கிறேன், திறந்து பாருங்கள்" என்று அவள் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு மொட்டையும் பற்றி நான் கடிதத்தில் அளந்து தள்ளியிருந்தேனே, எல்லாவற்றையும் ஒப்புவித்தாளாம். திறந்தவர் மற்றக் கவுண்டர்ப் பெண்களையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தாராம்.

அந்தக் கொப்பிக்காக என்னை அவளுடைய ஞானஸ்நானப் பெயரைச் சொல்ல வைத்தவர் ஆண்டவர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கஷ்டம் வந்தால் மட்டும் செபத்துக்குப் போன நான், அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறவிட்டதில்லை. நீங்களும் கேளுங்கள். வெட்கப்படாமல், சண்டை பிடித்தாவது கேளுங்கள். அவர் கோபிக்க மாட்டார்.

கலியாணம் முடிந்த பின்னேரம் ஞானம் அண்ணை வீட்டுத் தொலைபேசிக்குத் தங்கை எடுத்தாள்.

"அக்கா, கோயிலிலை எல்லாரும் கேட்டவை, பொம்பிளை பக்கத்தாலை ஆர் வந்திருக்கினம் எண்டு. நான் நெற்றைத் தொட்டுக் காட்டினனான்."