திறந்தது மட்டும்தான் குற்றம்

பெங்களூரு அடுகோடியில் லேத் பட்டறைகளுக்கு மேல் எங்கள் ஆபீஸ். அட்டைப்பெட்டி செய்து விற்கும் கம்பெனி. நான் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டேன். விலை விசாரித்து வரும் மெயில்களுக்குப் பதில் எழுதும் வேலை ஒரு அக்காவுடையது. கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு பிழைப்புத் தேடி வந்த குடும்பம். ஈஜிபுராவில் வாடகை வீடு.

ஒரு நாள் காலை, அக்காவின் பெயரில் எங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் உடல் இளைக்கும் மாத்திரை விளம்பரம் போயிருந்தது. போன் ஓயவில்லை. மேனேஜர் கொதித்துப்போய், ஊழியர் எல்லாருக்கும் ஒரு மெயில் தட்டிவிட்டார்: ‘கண்ட லிங்க்கையும் அழுத்தி கம்பெனி மானத்தை வாங்குகிறவர்களுக்கு இங்கே இடமில்லை.’ பெயர் போடவில்லை. போடாமலே எல்லாருக்கும் தெரியும். இந்த வாரத்தோடு நின்றுகொள்ளும்படி அக்காவிடம் தனியாகச் சொல்லியும்விட்டார்.

“நான் ஒண்ணியும் அமுக்கலமா. தொறந்தேன், படிச்சேன், மூடிட்டேன்,” என்றார் அக்கா என்னிடம். அன்று மதியம் சாப்பிட அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா திறந்த அந்த மெயிலைத் தோண்டிப் பார்த்தேன். வெளியே, பெட்டி விலை கேட்கும் நாலு வரி. உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன புரோகிராம். மெயிலில் வருவதை வெறும் எழுத்தாகக் காட்டுவதுதான் எங்கள் மெயில் சாஃப்ட்வேரின் வேலை. அது அந்த புரோகிராமையும் அப்படியே பிரவுசரிடம் கொடுக்க, பிரவுசர் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு ஓடவிட்டிருந்தது. லாகின் செய்திருந்தது அக்கா. ஆகவே அது செய்ததெல்லாம் அக்கா செய்ததாகிவிட்டது. பிரித்த தபால் எழுந்து, நம் குரலிலேயே ஊருக்கெல்லாம் போன் போட்ட மாதிரி.

மேனேஜர் நம்பவில்லை. “அவங்களக் காப்பாத்த கதை கட்டாதீங்க. எனக்கும் அதே மெயில் வந்து கெடக்கு. தொறக்கறேன், பாருங்க. ஒண்ணும் ஆகாது.”

“வேணாம் சார்,” என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன்.

திறந்தார். “எங்க? இன்னா ஆச்சு?” என்று அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அவர் மனைவி. மாத்திரை விளம்பரம் இந்த முறை அவர் பெயரில் வீட்டுக்கும் போயிருந்தது. இளைக்கச் சொல்லி ஆபீஸிலிருந்து மெயில் அனுப்பும் புருஷனை அந்த அம்மாள் கேட்ட கேள்விகள் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலும் கேட்டன. எனக்கு வயிறு குளிர்ந்தது, மறைப்பானேன்.

சாயங்காலத்துக்குள் சாஃப்ட்வேர்காரர்கள் ஓட்டையை அடைத்தார்கள். மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, “ஆனது ஆச்சு. நீங்க போய் வேலையப் பாருங்கம்மா,” என்றார். அக்கா நகரவில்லை.

“நீங்க போட்ட அந்த மெயிலு எல்லாருக்கும் போச்சில்ல சார்? இதுவும் எல்லாருக்கும் போவணும்.”

குரல் உயரவேயில்லை. மேனேஜர் கீபோர்டை இழுத்துக்கொண்டார்.

அக்கா தன் சீட்டுக்குத் திரும்பியபோது மெயில் வந்திருந்தது. அவர் மவுஸைத் தொடவில்லை. கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

“நீ தொறந்து படிச்சி சொல்லுமா. எனக்கு பயமா கீது.”

என் கம்ப்யூட்டரில் திறந்து படித்தேன். தவறு சாஃப்ட்வேருடையது, அவர் எதையும் அழுத்தவில்லை, விசாரிக்காமல் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று இருந்தது. சுற்றிலும் யாரும் டைப் அடிக்கவில்லை.

“இன்னொரு வாட்டி படி,” என்றார் அக்கா. “கொஞ்சம் சத்தமா.”