ஈரம் மட்டும் இருந்த தட்டு

...உன் மருமக கெட்டிக்காரிதான் ராசம்மா, நான் இல்லைன்னா சொன்னேன்? வெள்ளைக்காரன் சண்டை முடிஞ்சும் விலை இறங்கல. கார்டுக்கு அளக்குற அரிசி பாதி வாரம்கூட வர்றதில்ல. அதுல ஆறு பேருக்கு ஆக்கிப் போட்டு, எல்லாரையும் வயிறார எந்திரிக்க வெக்கிறான்னு தெருப்பூராச் சொல்லிட்டுத் திரியிற. சந்தோசம். அவ தின்ன தட்டை நீ பாத்தியா? முழிக்காத. நான் ஊரான் வூட்டுப் பாத்திரம் தேச்சவ, அதனால கேக்குறேன்.

சண்டைக் காலத்துல தருமபுரியில ஒரு குமாஸ்தா வூட்டுல வேலை செஞ்சேன்ல. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மாத்தலாகி வந்தவங்க. குமாஸ்தா, அவங்க ஆத்தா, சம்சாரம், ரெண்டு புள்ளைங்க. ஆத்தாளைப் பெரியம்மான்னும் சம்சாரத்தைச் சின்னம்மான்னும் கூப்பிடுவேன். மூணு வேளையும் அரிசிச் சோறுதான். எனக்குக் கொல்லப்பக்கம் வேலை. தண்ணி சேந்தணும், பாத்திரம் தேய்க்கணும். அந்தக் கெணத்துத் தண்ணி ஒரே உப்பு, பருப்பு வேகவே வேகாது. சரி, அதை விடு. அடுப்படிக்குள்ள என்னை விடமாட்டாங்க.

மொத நாளு நான் கொண்டுபோன கேவுருக் களியைப் பாத்துட்டுப் பெரியம்மா, "இதென்னடி, சுவத்துக்குப் பூசுறதா?"ன்னாங்க.

"வயித்துக்குப் பூசுறதுங்க பெரியம்மா"ன்னேன். அவங்களுக்குச் சிரிப்பு வரல. எனக்கு வந்துச்சு.

அப்பத்தான் அரிசி கெடைக்காமப் போச்சு. காரிமங்கலம் சந்தையில காலையில ஒரு விலை, வெயில் ஏறுனா வேற விலை. அந்த நேரம் பாத்துச் சின்னம்மா ஆறு மாசம் முழுகாம இருந்தாங்க. எல்லாருக்கும் போட்டுட்டு, கடைசியில அடுப்படியில தனியா உக்காந்து சாப்பிடுவாங்க. அஞ்சு தட்டும் தேய்க்க வெளிய வரும். நாலு தட்டுல ரசம் காஞ்சிருக்கும், ரெண்டு பருக்கை ஒட்டியிருக்கும். அஞ்சாவதுல ஈரம் மட்டும். விரல் வழிச்ச தடம் இல்ல, எண்ணெப் பிசுக்கு இல்ல. சும்மா தண்ணியில நனைச்சுப் போட்ட தட்டு.

ரெண்டு நாளு பாத்தேன். மூணாம் நாளு மனசு கேக்கல.

"சின்னம்மா, இந்தத் தட்டுல என்னங்க சாப்பிட்டீங்க?"

"மெதுவா பேசு மாதம்மா. அவருக்குத் தெரிஞ்சா, எனக்கு வேணும்னு அவரு சாப்பிடாம எந்திரிச்சுடுவாரு."

"வயித்துல இருக்கிறது என்ன பண்ணுமுங்க?"

வயித்தைத் தொட்டுப் பாத்துக்கிட்டாங்க. கண்ணுல தண்ணிதான் வந்துச்சு.

மறுநாளு என் களிப் போசியை முந்தானைக்குள்ள மறைச்சுக் கொண்டுபோனேன். கொள்ளுக் கடைசலும் கொஞ்சம். எங்கூட்டுச் சோத்தை அவங்க தொடுறதாவதுன்னு எனக்கே பயம். அவங்க ஒரு துண்டு எடுத்து வாயில போட்டு மென்னாங்க பாரு! பல்லெல்லாம் அப்பிக்கிச்சு. வாயைத் தொறக்க முடியல. எனக்கு அடக்க முடியாத சிரிப்பு.

"யாருங்க களியை மெல்லுவா? கிள்ளுங்க, கடைசல்ல தோச்சு எடுங்க, அப்பிடியே முழுங்குங்க. பல்லுல படவே கூடாது."

முழுங்குனாங்க. இன்னொண்ணு. இன்னொண்ணு. அன்னிக்கு அஞ்சாவது தட்டுல கொள்ளு ஒட்டியிருந்துச்சு ராசம்மா. அதைத் தேய்க்க எனக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா?

எட்டு, பத்து நாளு ஓடுச்சு. ஒருநாளு நான் தேய்க்கிறதுக்கு முன்னாடி பெரியம்மா வந்து அந்தத் தட்டை எடுத்துட்டாங்க. மோந்து பாத்தாங்க. "நம்ம வூட்டுல ஏதுடி கொள்ளு?"

வேலை போச்சுன்னே நெனச்சேன். சின்னம்மா அடுப்படியில இருந்து வந்து நின்னாங்க. "நான்தான் அத்தை தின்னேன். களியும் தின்னேன். பசி தாங்கல."

பெரியம்மா அவங்களைத் திட்டல. என் பக்கம் திரும்பி, "அதை மெல்லணுமா?"ன்னு கேட்டாங்க.

"மெல்லவே கூடாதுங்க."

"நெசமாவா?" அப்பிடின்னுட்டு வாயைத் தொறந்து காட்டுனாங்க. முன்னால ரெண்டே பல்லு. "இந்தக் கார்டு அரிசி கல்லு மாதிரி இருக்கு. என்னால மெல்ல முடியல. பெசைஞ்சு பெசைஞ்சு புள்ளைங்க வாயிலதான் வெச்சுக்கிட்டிருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தட்டைப் பாத்தே எல்லாம் தெரிஞ்சுக்குவேன்னு இருந்தேனே, அவங்க தட்டுல பருக்கை ஒட்டியிருந்ததால தின்னுட்டாங்கன்னு விட்டுட்டேன். ஒரே அடுப்படியில மாமியாளும் மருமகளும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமப் பட்டினி.

போசியில மிச்சம் இருந்ததைக் குடுத்தேன். கொல்லப் படியிலயே உக்காந்து மூணு கவளம் முழுங்குனாங்க. கண்ணை மூடிக்கிட்டாங்க. அப்புறம், "கடைசல் பத்தலடி. நாளைக்குக் கூடக் கொண்டா"ன்னாங்க.

மறுநாளு நான் எதுக்குக் கொண்டுபோறது? அவங்க அடுப்படிக்குள்ளயே என்னைக் கூப்பிட்டுக் கிண்ட வெச்சாங்க. பகல்ல பெரியவங்களுக்குக் களி, ராத்திரிக்குப் புள்ளைங்களுக்கு அரிசி. வாரம் பூரா கார்டு அரிசி வந்துச்சு. சின்னம்மாளுக்குப் பொண்ணு பொறந்துச்சு, கொழுகொழுன்னு. பெரியம்மா அதைக் "கேவுருக்குட்டி"ன்னுதான் கூப்பிடுவாங்க.

அதுல இருந்து எவளாவது ஒருத்தி இருக்கிறதை வெச்சு எல்லாருக்கும் போதும்படி ஆக்குறான்னு சொன்னா, எனக்கு அவ தட்டு மேலதான் கண்ணு போவும்.

என்ன, எந்திரிச்சுட்ட? போ, போயி பாரு. ஈரமா இருந்தா அவளைத் திட்டிராத. பக்கத்துல உக்கார வெச்சு நீயே போடு. வூட்டுல ஒண்ணுமில்லைன்னா ஒரு போசி எடுத்துட்டு வா, எங்கூட்டுல களி... அட, தூறல் போடுதே! காயப்போட்ட கேவுரு நனையுது. போறப்ப அந்த முறத்தை இப்பிடித் தள்ளிட்டுப் போ!