சத்தம் குறைந்த தோட்டாக்கள்

சயந்தினிக்கு வலது காது கேட்காது. ஏழு வயதில், யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவுக்குள் விழுந்த ஷெல் அதைக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய காதைப் பொத்திப் பொத்திக் காத்தாள்.

புலம்பெயர்ந்து வந்த ஹம் நகரில் பல் கட்டும் லேப் ஒன்றில் அவளுக்கு வேலை. அங்கே லொறி ஓட்டும் இன்னொரு தமிழரான யாகோப்புதான் அவளை வேட்டை அனுமதிக்கான பரீட்சை எழுத வைத்தவர். கால்வாய்க் கரையைக் குடைந்து இடிக்கும் நூட்றியாக்களைப் பிடிக்க, இருவரும் கூடு வைப்பார்கள். பூனையிலும் பெரிய, எலி போன்ற நீர்ப்பிராணி அது. கூட்டில் அகப்பட்டதை ரிவோல்வரால் ஒரே வெடியில் முடித்துவிட வேண்டும்.

கடைத் தோட்டாவின் சத்தம் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அதனால் அனுமதி எடுத்து, வீட்டு நிலவறையில் தானே தோட்டா செய்தாள். வெற்றுத் தோட்டாக் கோதில் வெடிமருந்தைக் குறைத்து நிறுத்துப் போட்டு, ஈயக் குண்டை வைத்து அழுத்துவாள். அவ்வளவு கொஞ்ச மருந்து கோதின் அடியில் இருக்கிறதா இல்லையா என்று சட்டென்று தெரியாது. ஆகவே மூடுமுன் ஒவ்வொன்றுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்ப்பாள்.

மாசியில் ஒரு சனிக்கிழமை, பாதி வேலையில் போன் வந்தது. அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பியவள், களைப்போடு மிச்சக் கோதுகளை அப்படியே மூடினாள். டோர்ச்சை எடுக்கவில்லை.

மறுநாள் காலை கூட்டில் ஒரு நூட்றியா கிடந்தது. யாகோப்பு அவளுடைய தோட்டாக்களைத் தன் ரிவோல்வரில் போட்டுக் குனிந்தார். சயந்தினி கூட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கேளாத காது அவர் பக்கம் இருந்தது.

யாகோப்பு விசையை இழுத்தார். 'டிக்' என்றொரு சின்ன ஒலி. அவளுக்கு அது கேட்கவேயில்லை.

"என்ன பிள்ளை, இந்தமுறை மருந்தை இன்னும் குறைச்சுப் போட்டியோ?" என்று சிரித்தார் யாகோப்பு. அவளுடைய தோட்டாக்கள் எப்போதும் மெல்லத்தான் வெடிக்கும். அதனால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

பேச்சுச் சத்தத்துக்குத் திரும்பியவள் கூட்டைப் பார்த்தாள். பிராணி ஒரு கீறலும் இல்லாமல் நின்றது. அது மருந்தில்லாத தோட்டா என்பதும், குண்டு வெளியே போகாமல் குழலுக்குள் சிக்கிவிட்டது என்பதும் அவளுக்கு விளங்கியது.

"பொறுங்கோ அண்ணை! சுடாதேங்கோ!"

அதற்குள் அவர் மறுபடி விசையை இழுத்துவிட்டார். அடுத்த குண்டு சிக்கிய குண்டில் மோதி, குழல் பிளந்து தெறித்த இரும்பு அவருடைய கண்ணில் ஏறியது.

அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள். பெட்டியில் மிஞ்சிய தோட்டாக்களையெல்லாம் பொலிஸ் கழற்றிப் பார்த்தது. எல்லாவற்றிலும் மருந்து சரியாக இருந்தது. அந்த ஒன்றில் மட்டும்தான் மருந்து இல்லாமல் போயிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து யாகோப்பு வீட்டுக்கு வந்தபின் சயந்தினி பார்க்கப் போனாள். கதவைத் திறந்த அவருடைய மனைவி இமெல்டா விலகி வழிவிட்டாள்.

"இனி லொறி ஓட ஏலாதாம்," என்றார் யாகோப்பு, சுவரைப் பார்த்தபடி. "நீ வேணுமெண்டு செய்யேல்லை. எனக்குத் தெரியும்."

"நான் பாக்காமல் மூடிப்போட்டன், அண்ணை."

"ஓம்." யாகோப்பு கண்கட்டைச் சரிசெய்துகொண்டார். "கொஞ்ச நாளைக்கு வராதை பிள்ளை. உன்ரை குரல் கேட்டாலே அந்த வெடிதான் கேக்குது."

அந்தக் கொஞ்ச நாள் இப்போது இரண்டு வருடமாகிவிட்டது. சயந்தினி அனுமதிகளைத் தானாகவே திருப்பிக் கொடுத்தாள். யாகோப்பு பார்சல் களஞ்சியமொன்றில் பெட்டி அடுக்குகிறார் என்று தமிழ்க் கடையில் யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியவந்தது.