எழுதாமல் விட்ட கட்டங்கள்

1998ஆம் ஆண்டு அக்டோபர் 12, திங்கட்கிழமை, காலை எட்டரை மணிக்கு நாங்கள் அந்த டப்பாவுக்குள் முதன்முதலாகக் குனிந்து பார்த்தபோது வந்தது மழைவாசம் அல்ல. குவைத்திலிருந்து யாரோ கொண்டுவந்த பால்பவுடரின் இனிப்பு வாசம்தான், இருமுறை சாம்பல் போட்டுத் தேய்த்த பிறகும், தகரத்தை விட்டுப் போகாமல் இருந்தது. பந்தல்குடிக்குக் கிழக்கே, கொத்தமல்லியையும் பருத்தியையும் வானத்தை நம்பி விதைக்கும் எங்கள் ஊரில், என் வீட்டுக்கும் ஜெசிந்தாவின் வீட்டுக்கும் நடுவில் கிடந்த வெட்டவெளியில், மழை அளக்க ஒரு கல்லின்மேல் அதை வைத்திருந்தோம். இருவரும் ஏழாம் வகுப்பு. தினமும் எட்டரைக்கு அளவுகோலை உள்ளே விட்டு, நிற்கும் நீரை நோட்டில் கட்டம் போட்டுக் குறித்து, வாரம் ஒரு அஞ்சலட்டையில் அருப்புக்கோட்டைக்கு அனுப்ப வேண்டும். எழுதும் வேலை என்னுடையது. என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

அட்டைகளைப் பெற்றவர் மல்லிகா அக்கா. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு "கம்ப்யூட்டர் சென்டரில்" வேலை பார்த்த அவர், சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து பள்ளிப் பிள்ளைகளும் டீக்கடைக்காரர்களும் தபால்காரர்களும் எழுதியனுப்பிய மழையையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் கணினியில் ஏற்றி, மதுரையில் ஒரு கல்லூரியின் இணையப் பக்கத்தில் போடச் செய்வார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்பதே அந்தப் பக்கத்தின் விதி. டப்பாவைக் கொடுக்க வந்த அன்று அவர் சொன்னார்: "கோடையில தண்ணி லாரிய எந்த ஊருக்கு மொதல்ல விடணும்னு ஆபீஸ்ல கேப்பாக. நாம இந்தக் கணக்கத்தான் நீட்டப் போறோம். கைக்கு வந்தத எழுதிராதீக."

அதைக் கேட்டு ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள் இருந்தன; பால் போய்த்தான் அரிசி வந்தது. முந்தைய கோடையில் அவளும் அவள் அம்மாவும் அந்த மாடுகளுக்காகவே மூன்று மைல் நடந்து குடம் சுமந்திருந்தார்கள்.

டப்பா காய்ந்து கிடந்த முதல் நாளில், நான் கட்டத்தில் பூச்சியம் போடப் போனதை என் அம்மா பார்த்துவிட்டார். எங்கள் வீட்டார் களத்தில் கம்பு அளக்கும்போதுகூட முதல் படியை "ஒண்ணு" என்று சொல்ல மாட்டார்கள், "லாபம்" என்றுதான் தொடங்குவார்கள். "மழைக்குப் போயி சைபர் போடுவாகளா? போட்டா அது அப்படியே நின்னுரும். பேஞ்ச அன்னைக்கு எழுது, பேயாத அன்னைக்குச் சும்மா விடு" என்றார். ஜெசிந்தா சிரித்தாள். "ஏடி, ஒங்கம்மா பேசுறத மேகம் ஒட்டுக் கேட்டுக்கிட்டா இருக்கு? இல்லேன்னா இல்லேன்னு எழுதுடி." நான் எழுதவில்லை. எழுதாமல் விடுவதும் பொய் சொல்வதும் வேறுவேறு என்று அப்போது உறுதியாக நம்பினேன். ஐப்பசியில் சில நாள் பெய்தது, கார்த்திகையில் அதைவிடக் குறைந்த நாள். தைக்குப் பிறகு என் அட்டைகளில் தேதிகளும் அவற்றின் எதிரே வெறும் கட்டங்களும் மட்டுமே போயின.

மார்ச் மாதம் மழைப் பட்டியல், லாரி விடும் அலுவலகத்துக்குப் போனது. எழுதப்பட்ட நாட்களை மட்டும் கூட்டி வகுத்த கணினிக்கு, எங்கள் ஊரில் பார்த்த நாளெல்லாம் மழை. லாரி எங்கள் ஊர் வழியாகவே பக்கத்து ஊருக்குப் போனது. புழுதி அடங்கும்வரை பெண்கள் குடங்களுடன் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். எங்கள் ஊர் ஏன் விட்டுப்போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஏப்ரல் கடைசியில் ஜெசிந்தாவின் வீட்டார் இரண்டு மாடுகளையும் விற்றார்கள்.

அதற்கு அடுத்த வாரம் மல்லிகா அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு அச்சுத்தாள். "பெங்களூருல இருந்து முன்னப்பின்ன தெரியாத ஒருத்தரு கேட்டு எழுதியிருக்காரு, இந்த ஊருக்கு மட்டும் ஏன் பாதிக்கு மேல வெறும் கட்டமாக் கெடக்குன்னு. எனக்கு அது தோணல பாரு. டப்பா ஒழுகுச்சா? காச்சலா?"

"மழை இல்லக்கா."

அவர் திட்டவில்லை. "அன்னன்னைக்கு எழுதுன நோட்டு இருந்தாத் திருத்தலாம். இப்ப நெனச்சு எழுதுனா அது கதை" என்றார்.

பக்கத்தில் நின்ற ஜெசிந்தா வீட்டுக்குள் போய்த் தன் கணக்கு நோட்டை எடுத்து வந்தாள். அதன் கடைசிப் பக்கங்களில், அக்டோபர் முதல் ஒரு நாள் விடாமல், தேதியும் அளவும் இருந்தன. பெய்யாத நாட்களுக்கெல்லாம் சின்னச் சின்னப் பூச்சியங்கள். "ஒங்கம்மா பேச்ச நீ தட்ட மாட்டேன்னு தெரியும். அதான் மேகத்துக்குத் தெரியாம எழுதிக்கிட்டேன்" என்றாள். பழைய சிரிப்பு அதில் இல்லை. நோட்டின் ஓரத்தில் மாட்டுச்சாணக் கறை இருந்ததை மட்டும் கவனித்தேன்.

திருத்தம் பக்கத்தில் ஏறியது. அங்கே பழையதை அழிக்கும் வழக்கம் இல்லை. என் கட்டங்கள் அப்படியே இருக்க, கீழே புது வரிசையும், திருத்தியவர் என்று அவள் பெயரும் வந்தன. பெங்களூர்க்காரர் இரண்டு வரியில் நன்றி எழுதியிருந்ததாக மல்லிகா அக்கா சொன்னார். ஜூன் முதல் வாரத்தில் லாரி எங்கள் ஊரிலும் நின்றது. அதற்குப் பதினொரு நாள் முன்பே, ஒரு வியாழக்கிழமை, ஜெசிந்தாவின் குடும்பம் திருப்பூருக்குப் புறப்பட்டுவிட்டது. "மாடு இருந்தாலாச்சும் இருந்திருப்போம்" என்று அவள் அம்மா என் அம்மாவிடம் சொன்னார். ஜெசிந்தா பஸ்ஸின் சன்னலிலிருந்து, "நாளைக்கும் எட்டரைக்குப் பாருடி" என்றாள்.

இப்போது மதுரையில் இலக்கியம் படிக்கிறேன். பழஞ்சுவடிகளின் பாடபேதங்களைப் பற்றிய வகுப்பில், ஏட்டில் விடுபட்ட இடத்தைப் புள்ளியிட்டுக் காட்ட வேண்டும் என்று சொல்லித்தருகிறார்கள். சென்ற மாதம் அந்த இணைய முகவரியைத் தட்டிப் பார்த்தேன். பக்கம் இல்லை என்று வந்தது. என் பிழையும் அவள் திருத்தமும் ஒன்றாகவே போய்விட்டன. வெட்டவெளியில் கருவேல் மண்டிவிட்டது. திருப்பூர் முகவரி என்னிடம் ஒருபோதும் இருந்ததில்லை.

ஜெசிந்தாவின் வீட்டார் போன மறுநாள் காலை எட்டரை மணிக்குத் தனியாகப் போய்க் குனிந்து பார்த்தேன். டப்பாவின் அடியில் புழுதியும் ஒரு செத்த எறும்பும் கிடந்தன. அளவுகோலை உள்ளே விட்டு எடுத்தேன். வாசலிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். கட்டத்தில் பூச்சியம் எழுதினேன்.